ஒளு நீரில் மலரும் கல்வாழை

ஒளுச் செய்த நீர் வழிந்தோடும் முற்றத்து ஓரத்தில் கல்வாழையும் காசித்தும்பையும் நடுவது நம் இல்லங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். சோப்புக் கலவாத அந்நீர் செடிக்குத் தீங்கு செய்யாது. ஆயினும், "நாள்தோறும் ஐந்து வேளையும் தண்ணீர் பாய்கிறதே, செடி ஏன் வாடுகிறது?" என வருந்தும் சகோதரிகள் உண்டு.

ஈரத்தை விரும்புவது வேறு. நீரில் மூழ்கிக் கிடப்பது வேறு. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே ஈர மண்ணிலேயே செடி வாடுகிறது. மண்ணில் 2 அங்குலம் விரலை நுழைத்துப் பாருங்கள். சேறாக இருப்பின் நீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். மணலும் மக்கிய எருவும் கலந்து மேடாக்கி நடுவது நன்று. கல்வாழை ஓரளவு தேக்கத்தைத் தாங்கும். காசித்தும்பையின் தண்டு விரைவில் அழுகிவிடும். எனவே அதனைச் சற்றுத் தள்ளி நடுக.

கடலோர ஊர்களின் உப்பு நீரால் இலை விளிம்பு கருகும். மழைக்காலத்தில் கூரை நீரைச் செடிகளுக்குப் பாய்ச்சினால் மண்ணில் படிந்த உப்புக் கரைந்து இறங்கும்.

கல்வாழை இலை சுருண்டு ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கும். அவ்விலையைக் கிள்ளி அழித்துவிடுங்கள். 1 லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூக்காத கல்வாழைக்கு வெயில் போதாமையோ கிழங்கு நெருக்கமோ காரணமாகலாம். 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடுக.

இவை அனைத்திலும் கவனத்திற்குரியது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். நீர் வற்றினாலும் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இது பூவினும் முக்கியம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து', அதாவது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு நீரில் ஒளுச் செய்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. செடிக்குப் பாயட்டும் என்று குழாயைத் தாராளமாகத் திறந்துவிடுவது அந்த வழிமுறைக்கும் ஒவ்வாது, செடிக்கும் நல்லதன்று. அளவோடு ஒளுச் செய்வோம்; அளவோடு வழியும் அந்நீரிலேயே நம் முற்றம் பூக்கும், இன்ஷா அல்லாஹ்.