நிழலில் வண்டி, வெயிலில் பலகை

சென்ற மார்ச்சுத் திங்களில் விடுதி நண்பர்கள் ஐவர், ஓர் இழுவண்டியை இரவல் வாங்கிக்கொண்டு நாகார்ஜுனசாகர் அணையைக் காணச் சென்றோம். காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சின்னஞ்சிறு வீடு அது. இரண்டு படுக்கைகள், மூன்று விளக்குகள், ஒரு மின்விசிறி, கைப்பெட்டி அளவில் ஒரு குளிர்பெட்டி. இவ்வளவுதான் அதன் செல்வம். எல்லாவற்றுக்கும் உணவளிப்பது படுக்கைக்கடியில் இருந்த 12 வோல்ட் பாட்டரி ஒன்று. அதற்கு மின்னேற்ற, கையில் தூக்கிச் செல்லத்தக்க மடக்குச் சோலார் பலகைகள் இரண்டைப் பங்கு போட்டு வாங்கினோம். பகல் முழுதும் வெயில் கொளுத்திற்று. பலகைகளும் கண்ணைப் பறித்தன. ஆயினும் இரவு ஒரு மணிக்கு விசிறி நின்றது, குளிர்பெட்டியும் மூச்சடங்கியது.

விசிறி நின்றால் வியர்வையோடு போகும். ஆனால் எங்களுள் ஒருவர் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். அவருடைய மருந்து அந்தக் குளிர்பெட்டியில் இருந்தது. விடியுமுன் கடை திறந்த தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தம் பெட்டியில் அதற்கு இடங்கொடுத்தார், நாங்கள் பிழைத்தோம்.

வெயிலுக்குப் பஞ்சமில்லை, பலகைகளில் குறையில்லை, பாட்டரியும் புதியது. அப்படியாயின் பிழை எங்கே? இதை ஆராயப் புகுந்தபோது நாங்கள் கற்றவற்றை நண்பர்களுக்கும் சொல்லிவைப்பது நலம் என்று தோன்றிற்று. அடுத்த விடுமுறைக்கு வண்டி தேடும் குழுக்கள் இரண்டு மூன்று இப்போதே விடுதியில் கிளம்பியிருப்பதாகக் கேள்வி.

இழுவண்டியில் சூரிய மின்சாரம் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. ரயில்வேயார் பேச்சில், தனக்கென எஞ்சின் இல்லாது இழுக்கப்படும் பெட்டிக்கும் டிரெய்லர் என்றே பெயர். 2017 ஜூலை 14ஆம் நாள் டில்லி சப்தர்ஜங் நிலையத்தில் தொடங்கிவைக்கப்பெற்ற டெமு ரயிலில் இத்தகைய ஆறு பெட்டிகளின் கூரைமீது, பெட்டிக்குப் பதினாறாக, 300 வாட் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. பெட்டிகள் நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில் பிறந்தவை. ரயிலை இழுப்பது டீசல்; விளக்கையும் விசிறியையும் நடத்துவது வெயில். அதற்கு முந்தைய ஆண்டு சுசில் ரெட்டி என்ற இளைஞர் மின் சைக்கிளின் பின்னால் பலகைகள் ஏற்றிய சிறு இழுவண்டியைக் கட்டிக்கொண்டு 79 நாட்களில் 7,400 கிலோமீட்டருக்கும் மேல் இந்தியாவைச் சுற்றி வந்து கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரிப்பெட்டிக்குப் பதில் வெயிலால் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்து 2020இல் அனைத்துலகப் பரிசு பெற்றதை நீங்கள் அறிவீர்கள். ஐந்து மணி நேர வெயில் கிடைத்தால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம் என்பது அவர் கணக்கு. இவர்களெல்லாம் செய்து காட்டியதில் நாங்கள் தோற்றதற்குக் காரணம் மிகச் சிறியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்வோம். நம்மூர் ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டரிதான் ஏரி. பலகை, அதற்கு நீர் கொணரும் வாய்க்கால். விளக்கும் விசிறியும் கீழே பாயும் வயல்கள். ஏரி நிரம்பிய பின்னும் வாய்க்கால் கொட்டிக்கொண்டே இருந்தால் கரை உடையும். ஆகவே இடையில் ஒரு மதகு வேண்டும். அந்த மதகுதான் சார்ஜ் கன்ட்ரோலர். பாட்டரியின் வோல்ட்டை இடைவிடாது அளந்து, குறைவாக இருக்கும்போது முழுதும் திறந்து, 14.4 வோல்ட்டை எட்டியதும் சிறிது சிறிதாக மூடி, நிரம்பியபின் 13.6 வோல்ட் அளவில் காத்து நிற்பது அதன் தொழில். ஈய பாட்டரிக்கு இந்த அளவுகள். லித்தியம் வகைக்குச் சற்று வேறு. பாட்டரி எவ்வகையோ அதற்கேற்பக் கன்ட்ரோலரின் பொத்தானைத் திருப்பி வைக்க மறத்தல் கூடாது.

ஏரியின் கொள்ளளவையும் வயலின் தேவையையும் அறியாமல் வாய்க்கால் வெட்டுவார் உண்டோ? எங்கள் கணக்கு இது. 5 வாட் விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம்: 75 வாட்மணி. 25 வாட் விசிறி, பத்து மணி நேரம்: 250. கைப்பேசிகளுக்கு 60. குளிர்பெட்டியின் 45 வாட் எஞ்சின் நாளில் மூன்றிலொரு பங்கு நேரமே ஓடும், அதற்கு 360. ஆக மொத்தம் 745. மறுபுறம், 100 ஆம்பியர்மணி ஈய பாட்டரியில் 1,200 வாட்மணி உண்டெனினும், பாதிக்கு மேல் இறைத்தால் அதன் ஆயுள் விரைந்து குறையும், கையாளத்தக்கது 600தான். வரவைப் பாருங்கள்: ஐதராபாத் வட்டாரத்தில் தெளிந்த நாளொன்றில் ஏறத்தாழ ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். 100 வாட் பலகை ஏட்டுக்கணக்கில் 500 தரவேண்டும். வெப்பம், தூசு, கம்பி ஆகியவற்றின் வரி போக 350 கைக்கு வரும். இரண்டு பலகைக்கு 700. குளிர்பெட்டி இல்லாவிடில் ஒரு பலகையே ஏறக்குறையப் போதும். குளிர்பெட்டி இருந்தால் இரண்டும் வேண்டும், அப்போதும் கொஞ்சம் கடன்தான். ஒரு நாள் பயணமாதலால் அந்தக் கடனைத் தாங்கலாம் என்று துணிந்தோம். கணக்கில் பிழையில்லை, நம்புங்கள்.

பலகைகளைக் கூரையிலேயே பதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேரவன் என்று திரைப்படத்தார் அழைக்கும் வண்டிகளை இராமோஜி திரைப்பட நகர்ப் பக்கம் பார்த்தவர்களுக்கு இக்கேள்வி எழுவது இயல்பு. பதிக்கலாம், திருட்டுப் பயமில்லை, தூக்கி இறக்கும் வேலையுமில்லை. ஆனால் தெலங்கானா வெயிலில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? வேப்பமரத்தடியில் அன்றோ? வண்டிக்கு நிழல் வேண்டும். பலகைக்கு வெயில் வேண்டும். கூரையில் பதித்த பலகை இவ்விரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லும். பலகையினுள் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அக்கோவையின் மின்னோட்டம் முழுதும் தளரும். மடக்குப் பலகையோ, வண்டியை நிழலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் வெயிலில் போய் நிற்கும்.

இன்னும் ஒன்று. வெயில் மிகுந்தால் மின்சாரம் மிகும் என்பது பாதி உண்மை. ஒளி மிகுந்தால் மிகும். வெப்பம் மிகுந்தால் குறையும். சிலிக்கன் கலம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஆற்றலை இழக்கிறது. ஏப்ரல் நண்பகலில் பலகை 65 பாகைக்குக் காய்ந்தால் பதினாறு விழுக்காடு காற்றோடு போயிற்று. தகரக் கூரையில் ஒட்டிக்கிடக்கும் பலகையைவிட, முன்னும் பின்னும் காற்றுப்படச் சாய்ந்து நிற்கும் பலகை குளிர்ச்சியாயிருக்கும்.

சாய்வைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐதராபாத் வட அட்சம் 17.4 பாகையில் உள்ளது. மே 9ஆம் நாளை ஒட்டியும் ஆகஸ்டு 3ஆம் நாளை ஒட்டியும் நண்பகலில் கதிரவன் நேர் உச்சியில் நிற்க, நட்டு வைத்த கோலுக்கு நிழலே இராது. அந்நாட்களில் பலகையைத் தரையில் படுக்கவைத்தாலும் நட்டமில்லை. திசம்பரிலோ நண்பகல் கதிரவனே 49 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. படுத்திருக்கும் பலகை நேரொளியில் கால் பங்கை அப்போது இழக்கும். தெற்கு நோக்கிச் சாய்த்து, காலை ஒரு முறை கிழக்கே, மாலை ஒரு முறை மேற்கே திருப்பி வைத்தால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிட்டும். (எங்கள் குழுவில் இந்த வேலைக்கு முறை போட்டுக்கொண்டோம். தம் முறை வரும்போதெல்லாம் உறங்கிப்போனவர் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை.)

இனி எங்கள் பிழைக்கு வருவோம். மடக்குப் பலகைகள் பலவற்றின் முதுகில் விற்பனையாளரே கன்ட்ரோலரை ஒட்டிக் கொடுக்கிறார். "பிரித்து வையுங்கள், பாட்டரியில் மாட்டுங்கள், தீர்ந்தது" என்பது அவர்கள் மந்திரம். நாங்களும் அவ்வாறே செய்தோம். மரநிழலிலிருந்து வெயில் வரை பத்து மீட்டர் தூரம். கையில் இருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை இழுத்துவிட்டோம். போகப் பத்து, வரப் பத்து. ஆக இருபது மீட்டர் கம்பி. அதன் தடை ஏறத்தாழ கால் ஓம். கால் ஓம்தானே என்று இகழவேண்டாம். இரண்டு பலகையின் முழு ஓட்டமான 11 ஆம்பியர் அதில் பாய வேண்டுமானால் 2.7 வோல்ட் வழியிலேயே விழ வேண்டும்.

இப்போது மதகின் நிலையை நோக்குங்கள். அது ஏரிக்கரையில் இல்லை. பத்து மீட்டர் தள்ளி, வாய்க்காலின் தலையில் இருக்கிறது. தன் வாயிலில் 14.4 வோல்ட் என்று அளக்கிறது. "ஏரி நிரம்பிற்று" என்று மூடத் தொடங்குகிறது. உண்மையில் பாட்டரியின் முனையில் 12.9 வோல்ட்தான். இடையிலுள்ள 1.5 வோல்ட் வேறுபாடு அந்தக் கம்பியில் ஆறு ஆம்பியரைத்தான் தள்ளும். வோல்ட் ஏற ஏற அதுவும் நான்காய், மூன்றாய்த் தேயும். சிறிது நேரம் சென்றதும் கன்ட்ரோலர் 13.6 வோல்ட்டுக்கு இறங்கிப் பச்சை விளக்கையும் ஏற்றிவிட்டது. அந்தப் பச்சை விளக்கைக் கண்டு மகிழ்ந்து நாங்கள் அணையைப் பார்க்கப் போய்விட்டோம்! பாதிப் பசியோடு கிடந்த பாட்டரி நள்ளிரவில் கண்ணை மூடிற்று.

தீர்வு எளிது. பலகையின் முதுகிலிருந்து கன்ட்ரோலரைக் கழற்றி, பாட்டரிக்கு அரை மீட்டர் தூரத்துக்குள் வண்டியில் பொருத்தவேண்டும். நீண்ட கம்பி அப்போது பலகைக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே அமையும். பலகை 18 வோல்ட் தரவல்லது. வழியில் இரண்டு மூன்று வோல்ட் விழுந்தாலும் ஏரிக்கரையில் நிற்கும் மதகு உண்மையான நீர்மட்டத்தைப் பார்த்தே திறக்கும், மூடும். கம்பியையும் 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினோம், 2.7 வோல்ட் விழுந்த இடத்தில் இப்போது 0.7தான் விழுகிறது.

கன்ட்ரோலரில் இரு வகை உண்டு. பி.டபிள்யூ.எம். வகை விலை மலிவு. ஆனால் பலகையைப் பாட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடுவதால் 100 வாட் பலகையில் 75 வாட் அளவே கிடைக்கும். எம்.பி.பி.டி. வகை, மிகுந்த வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். அவ்வகை இருந்தால் இரு பலகைகளையும் தொடரில் இணைக்கலாம். ஓட்டம் பாதியாகும், கம்பியில் நேரும் இழப்பு கால் பங்காகும். ஆனால் வெற்று நிலையில் இரு பலகையும் சேர்ந்து 44 வோல்ட் வரை எழும்; கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்த பின்னரே இணைக்கவேண்டும்.

கூரையில் முன்பே பலகையும் கன்ட்ரோலரும் உள்ள வண்டியானால் ஓர் எச்சரிக்கை. முதுகில் கன்ட்ரோலருள்ள மடக்குப் பலகையின் கம்பியைக் கூரைக் கன்ட்ரோலரின் வாயில் கொடுக்கக்கூடாது. ஒரு மதகுக்கு முன்னால் இன்னொரு மதகு நின்றால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே தன் கன்ட்ரோலர் வழியாக ஒரே பாட்டரியை வந்தடைவதில் தடையில்லை. ஓர் ஏரிக்கு இரு வாய்க்கால் இருப்பது புதுமையா?

உயிருக்கு உறுதியான செய்தி இனித்தான். 12 வோல்ட் தொட்டால் அடிக்காது; அதனால் மாணவர்க்கு அதனிடம் அச்சமில்லை. ஆனால் பாட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பானரால் தொடுக்கப்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பி பழுத்து, மெத்தை பற்றும். ஆகவே பாட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஒரு ப்யூஸ் இருக்கவேண்டும். எங்கள் 11 ஆம்பியருக்கு 20 ஆம்பியர் ப்யூஸ் வைத்தோம். இணைக்கும்போது முதலில் பாட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டி, பிறகுதான் பலகையை மாட்டவேண்டும். கழற்றும்போது பலகை முதலில். மாற்றிச் செய்தால் பாட்டரி இல்லாத கன்ட்ரோலரில் பலகையின் முழு வோல்ட்டும் ஏறி அதைக் கெடுத்துவிடக்கூடும். ஈய பாட்டரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவைக் கக்கும். அது இருக்கும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும், அருகே தீக்குச்சி கூடாது. காற்றடித்தால் பலகை பட்டமாகும் என்பதையும் நினைவிற்கொண்டு கால்களைக் கல்லில் கட்டிவையுங்கள். தக்காணத்தில் கல்லுக்கா பஞ்சம்?

புறப்படுமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பகலில் மல்ட்டிமீட்டரால் கன்ட்ரோலரின் பாட்டரி வாயிலிலும் பாட்டரியின் முனைகளிலும் வோல்ட்டை அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு 0.2 வோல்ட்டுக்கு உட்பட்டிருந்தால் நன்று. மிகுந்திருந்தால் கம்பி மெலிது, அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது என்று பொருள். திசம்பரில் அதே வண்டியோடு பீதர்க் கோட்டைக்குச் சென்றபோது எங்களுக்கு வந்த வேறுபாடு 0.1. குளிர்பெட்டி இரு இரவும் ஓடிற்று. இன்சுலின் நண்பர் எங்கள் எல்லோரையும்விட நன்றாக உறங்கினார்.

மல்ட்டிமீட்டர் இல்லாதவர்கள் வாங்கவேண்டாம். சங்க அறையின் இரண்டாம் அலமாரியில் ஒன்று இருக்கிறது. ஏட்டில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லுங்கள். திருப்பித் தரும்போது அதனுள் இருக்கும் சிறு பாட்டரியையும் சேர்த்துத் தாருங்கள்.