பாட்டரி மீது பழி போடலாமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இராமேசுவரம் தீவுக்கு 1914-ஆம் ஆண்டிலேயே இரயில் பாலம் வந்துவிட்டது. ஆனால் மோட்டார் வாகனங்கள் கடலைத் தாண்டிச் சாலை வழியே வரத் தொடங்கியது, 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே. இன்று பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையிலுள்ள அக்காள்மடத்தில் வாடகைக் கார் ஓட்டியும் மீன் வண்டி ஓட்டியும் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. விடியற்காலைச் சவாரிக்கு வண்டியை எடுக்கும்போது 'செல்ஃப்' எடுக்காவிட்டால் அன்றைய வருமானம் போயிற்று. "பாட்டரி போச்சு" என்று சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிது வாங்குகிறோம். சில மாதங்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. அப்படியானால் குற்றம் உண்மையில் பாட்டரியுடையதுதானா?

பாட்டரிக்குள் நடப்பது என்ன?

பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்த ஈய-அமில மின்கலமே இன்றும் பெரும்பாலான கார்களில் உள்ளது. இத்தகைய ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் கிடைக்கும். மின்சாரம் எடுக்க எடுக்க, இரு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படியும். கந்தக அமிலம் நீர்த்துப்போகும். மின்னூட்டம் செய்தால் இவ்வினை திரும்பி நடக்கும். இறங்கிய நிலையிலேயே பல நாள் கிடந்தாலோ சல்பேட்டு கெட்டிப் படிகமாகி, பிறகு கரையாது. ஆகவே இறங்கிய பாட்டரியை உடனே கவனிக்க வேண்டும்.

உப்புக் காற்றின் திருவிளையாடல்

காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பை ஆராய்வதற்காக மண்டபம் முகாமில் தனி நிலையம் அமைத்தது. இதிலிருந்தே நம் கரையின் காற்று எப்படிப்பட்டது என்பது விளங்கும். இந்தக் காற்றில் பாட்டரியின் டெர்மினல்கள் வெள்ளையும் பச்சையுமாகப் 'பூத்து'விடுகின்றன. பூத்த இடத்தில் மின்தடை கூடுகிறது.

நாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். பூத்த டெர்மினலின் தடை 0.02 ஓம் என்று கொள்வோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்தால், அந்த இடத்திலேயே 3 வோல்ட் வீணாகிறது. பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் மோட்டார் முனகும். இதோடு நிற்பதில்லை. ஆல்டர்னேட்டர் 20 ஆம்பியர் அனுப்பும்போது 0.4 வோல்ட் குறைகிறது. 14.2 வோல்ட் வரவேண்டிய பாட்டரிக்கு 13.8 வோல்ட்டே சேர்கிறது. நாள்தோறும் அரை வயிற்றுக்கு உண்பவன் மெலிவதுபோல் பாட்டரியும் மெலிகிறது. போதாக்குறைக்கு, குறுகிய தூரச் சவாரியும், இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டபடி காத்திருப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

கண்டறியும் முறை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

1. சுத்தம் செய்தல். இன்ஜினையும் விளக்குகளையும் அணைத்தபின், முதலில் நெகட்டிவ் ஒயரையும் அடுத்துப் பாசிட்டிவ் ஒயரையும் கழற்றுக. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இவ்வாறு செய்தால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி எழாது. மூடிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்து, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் பூத்ததைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, இறுக மாட்டி, வாசலின் தடவுக. நெகட்டிவ் ஒயர் வண்டியின் உடலோடு சேரும் 'எர்த்' போல்ட்டையும் மறவாதீர்கள். அங்கும் துரு ஏறும்.

2. ஓய்வு வோல்ட். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழு மின்னூட்டம், 12.2 ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம்.

3. ஓடும்போது வோல்ட். இன்ஜின் ஓடுகையில் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டர் பழுது. 15-ஐத் தாண்டினால் மிகையான மின்னூட்டம். பாட்டரியின் நீர் வற்றும்.

4. திருட்டு மின்னோட்டம். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் முனைக்கும் அதன் ஒயருக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்கவும். புதிய கார்களில் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியர் வரை கவலையில்லை. கூடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். டிக்கியில் அணையாத 5 வாட் விளக்கு ஒன்றே 35 ஆம்பியர்-மணி பாட்டரியை மூன்றரை நாளில் வற்றடித்துவிடும். மீட்டர் இந்த இணைப்பில் இருக்கையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

5. அமிலத்தின் அடர்த்தி. திறக்கக்கூடிய பாட்டரியானால், முழு மின்னூட்டத்துக்குப் பின் ஹைட்ரோமீட்டர் 1.27 அளவு காட்டும். ஐந்து கலங்கள் சரியாக இருந்து ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அந்தக் கலம் செத்துவிட்டது. அப்போது மட்டுமே பாட்டரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். திறக்க முடியாத பாட்டரியைக் கடையில் கொடுத்துச் சுமைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை

பாட்டரிக்குக் கிணற்று நீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். வாலை வடிநீரே ஏற்றது. மின்னூட்டம் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகே பீடி, தீக்குச்சி ஆகாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண் என்றால் மருத்துவரிடமும் செல்ல வேண்டும்.

வோல்ட்டும் ஓமும் தேர்வுத் தாளில் மதிப்பெண் வாங்க மட்டும் வந்தவை அல்ல. நம் தெருவில் நிற்கும் வண்டியின் டெர்மினலிலும் அவை வாழ்கின்றன. அடுத்த முறை செல்ஃப் எடுக்காதபோது, பணப்பையைத் திறப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். அளந்து பார்த்தபின் தீர்ப்புச் சொல்வதே அறிவியல் நமக்குக் கற்றுத்தரும் நீதி.