நகரக் குப்பை உரமும் நம் வீட்டுக் கீரையும்

அவனியாபுரம் வெள்ளக்கல்லில் மதுரை மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்துள்ளன. ஆகவே, "குப்பை உரத்தில் விளைந்த கீரையை உண்ணலாமா?" என்று சிறுநீரக நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் வினவுவது இயல்பே. சிலர் அச்சத்தால் கீரையையே கைவிட்டுவிடுகின்றனர். அது தேவையற்றது.

காய்கறித் தோலும் இலைதழையும் மட்டும் மக்கிய உரம் மண்ணுக்கு நன்மையே தரும். பழைய பேட்டரி, பெயின்ட், மின்பொருள் துண்டுகள் ஆகியவை கலந்த குப்பை மக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. மக்கும் பொருள் சிதைந்து எடை குறைகிறது, உலோகமோ சிதைவதில்லை. எனவே எஞ்சும் உரத்தில் அதன் செறிவு கூடுகிறது. இதனாலேயே 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, விற்பனைக்கு வரும் நகரக் குப்பை உரத்தில் ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும், ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டலாகாது.

இவ்விரு உலோகங்களும் செடியில் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. ஈயம் மண்ணோடு இறுகப் பிணைந்திருக்கும்; பெரும்பாலும் மண்ணாகவும் தூசியாகவும் இலையின் மேல் படிகிறது. ஆதலால் நன்கு கழுவினால் பெரும்பகுதி நீங்கும். காட்மியம் வேர் வழியே ஏறி இலைக்குள் தங்குவதால், கழுவினால் நீங்காது. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் இது இன்னும் எளிதாக ஏறும். பொதுவாகக் கீரைகளில் மிகுதியாகவும், சுரை, பூசணி, அவரை போன்ற காய்களில் குறைவாகவும் சேர்கிறது.

உடலுக்குள் வந்த காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அகலாதிருக்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவால் மாசுற்ற நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை நெடுங்காலம் உண்டோர் சிறுநீரகமும் எலும்பும் பழுதுற்று வருந்தினர். அத்துணைப் பெரும் மாசுடன் நம் அன்றாட உணவை ஒப்பிடலாகாது. எனினும் சிறுகச் சிறுகச் சேரும் இயல்பு ஒன்றே. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குத் தீங்கற்ற அளவு என ஏதும் அறியப்படவில்லை.

இரும்புச்சத்துக் குறைந்த உடல் இவ்விரு உலோகங்களையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அச்சத்தால் சத்துணவைக் குறைப்பது எதிர்விளைவையே தரும். கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்:

• கீரையை மண் போகும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். கிழங்கு வகைகளைத் தோல் சீவுங்கள்.
• ஒரே தோட்டத்துக் கீரையையே நாள்தோறும் உண்ணாமல், வகையையும் வாங்குமிடத்தையும் மாற்றுங்கள்.
• மாடித் தோட்டத்திற்குக் கலப்புக் குப்பை உரத்தையும், குப்பை எரித்த சாம்பலையும் இடாதீர்கள்.
• புகைப்பழக்கத்தை விடுங்கள். புகையிலையும் காட்மியத்தைச் சேர்த்து வைக்கும் செடியே.
• சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் அளவுக்கேற்ப, எந்தக் கீரை, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

"உலோக நஞ்சை நீக்கும்" என்று விற்கப்படும் மருந்துகளை நம்பவேண்டா. சிறுநீரகத்தில் தங்கிய காட்மியத்தை வெளியேற்றுவதற்கு உறுதிப்பட்ட மருந்து இன்றளவும் இல்லை; வராமல் தடுப்பதே வழி. அதன் முதற்படி நம் அடுக்களையிலேயே உள்ளது. பேட்டரியையும் உடைந்த குழல் விளக்கையும் மக்கும் குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுத்துவிட்டால், அவற்றின் உலோகம் உரத்திற்கும் சேராது; நம் இலைக்கும் திரும்பி வாராது.