குறைமாதக் குழந்தையும் வன்னி நெடுவழியும்

பத்துத் திங்கள் சுமந்து பெறுதல் என்பது தமிழர் வழக்கு. அத்திங்களை இருபத்தெட்டு நாட் கொண்ட மதித்திங்களாகக் கொள்ளின் 280 நாள், அஃதாவது 40 கிழமை, என்னும் இன்றைய மருத்துவக் கணக்கோடு அவ்வழக்குப் பொருந்துகின்றது. 37 கிழமை நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 28 கிழமைக்கு முன் பிறப்பது மிகக் குறைமாதக் குழந்தை. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்திற் பிறந்தன என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மிகக் குறைமாதத்தார் இவர்களுட் சிறுபகுதியினரே; ஆயினும் மருத்துவ அறிவுக்குப் பெருஞ் சோதனையாய் அமைபவர் அவர்களே.

ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது என்று முதியோர் சொல்வதுண்டு. எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் உயிர்ச்சத்துத் தாய்க்கும் சேய்க்குமிடையே நிலையின்றி உலாவும் என்பது ஆயுள்வேத நூலார் கொள்கை. கிரேக்கரின் பண்டை மருத்துவ நூற்றொகுதியிலும் எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனிநூல் ஒன்று உண்டு. இருபெரு நாகரிகங்கள் ஒருங்கே கொண்ட இக்கருத்துப் பிழையானதென்பதில் ஐயமில்லை. குறைமாதத்தில் கருப்பையிற் கழியும் ஒவ்வொரு கிழமையும் குழந்தைக்குப் பொதுவாக ஆக்கமே தருகின்றது.

குழந்தைக்கு நேரும் இடர்களுள் முதலாவது மூச்சைப் பற்றியது. சுவாசப்பையின் நுண்ணறைகள் உள்ளே ஈரமானவை. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல் அவ்வறைகளும் மேற்பரப்பிழுவிசையால் ஒட்டிச் சுருங்க முயல்கின்றன. அவ்விழுவிசையைத் தணிக்கும் வழுவழுப்பான பொருளொன்றை நிறைமாதக் குழந்தையின் சுவாசப்பை தானே சுரக்கின்றது. மிகக் குறைமாதக் குழந்தையிடத்து அது போதிய அளவில் இல்லை. எனவே ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுப்போலப் பெருமுயற்சியாகின்றது. இவ்வுண்மையை ஏவரி, மீட் என்னும் இருவர் 1959 இல் வெளியிட்டனர். 1963 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கெனடியின் மகன் ஐந்தரைக் கிழமை முன்னதாகப் பிறந்து, இந்நோயால் இரண்டே நாளில் இறந்தான். காரணம் தெரிந்திருந்தும் மருந்து இல்லாத காலம் அது. அப்பொருளைக் குழாய்வழியே சுவாசப்பையுட் செலுத்திக் குழந்தைகளைப் பிழைக்கவைத்த செய்தியை ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா 1980 இல் வெளியிட்டார்.

ஆயினும் வன்னிக்கு அதனினும் பயன்படத்தக்கது வேறொரு கண்டுபிடிப்பு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் செம்மறியாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மையை, ஹவி என்பவரோடு சேர்ந்து 1972 இல் மனிதரிடத்தும் நிறுவினார். தாய்க்கு முன்கூட்டி ஒருவகை ஸ்டெரோயிட் மருந்து ஏற்றின், கருவிலிருக்கும் குழந்தையின் சுவாசப்பை விரைந்து முதிர்கின்றது. டெக்சாமெதசோன் என்னும் அம்மருந்து விலை மலிந்தது. 12 மணித்தியாலத்திற்கு ஒருமுறையாக நான்கு முறை ஏற்றப்படுவது. ஆனால் கண்மூடி வழங்கத்தக்கதன்று. கிழமைக் கணக்குச் சரிவரத் தெரியாமலும், பிறந்தபின் வேண்டிய பராமரிப்பு இல்லாமலும் பரவலாக வழங்கியவிடத்து இறப்பு மிகுந்ததென 2015 இல் வெளியான ஓராய்வு காட்டிற்று. ஸ்கான் பரிசோதனையாற் கிழமையறிந்து வைத்தியசாலைகளில் வழங்கியபோது இறப்புக் குறைந்ததென 2020 இல் மற்றோராய்வு காட்டிற்று. ஆகவே, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தாயின் பெயரைப் பதிந்து திகதியைக் குறித்துக்கொள்ளும் குடும்பநல மாதுவின் பதிவேடும் குழந்தை பிறக்குமுன்பே அதன் உயிரைக் காக்கத் தொடங்கிவிடுகின்றது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு இலங்கையில் வேரூன்றிய முறை இது.

வன்னியின் தனித்துயர் தூரமாகும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 52 கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து ஏறத்தாழ 50. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 65 கிலோமீற்றரளவு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பொது வைத்தியசாலைகள் உள்ளன. 2024 மே மாதத்தில் நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சியில் மகளிர் நலச் சிறப்பு நிலையமும் திறக்கப்பட்டது. எனினும் ஒரு கிலோவுக்குங் குறைந்த குழந்தைக்குச் சிலவேளை வடக்கே யாழ்ப்பாணத்தையோ தெற்கே அநுராதபுரத்தையோ நாட நேர்கின்றது. அக்குழந்தை வண்டியிற் செல்வதினும் தாயின் வயிற்றினுள்ளே செல்வதே நன்று. கருப்பையை ஒத்த ஊர்தியை எவரும் இன்னும் ஆக்கினாரல்லர். வயிறு இறுகுதல், பனிக்குடம் உடைதல், குருதி கசிதல் ஆகியவற்றை விடியட்டும் என்று பொறுத்திருக்குங் குடும்பம் இழப்பது இவ்வாய்ப்பையே.

பிறந்துவிட்டால் அடுத்த பகை குளிர். மார்கழி மழையில் மட்டுமன்று, சித்திரை வெயிலிலும் அக்குழந்தை குளிர்ந்துபோகும். மெல்லிய தோல்வழியே நீரும் வெப்பமும் வெளியேறுவதே காரணம். 32 கிழமைக்கு முன் பிறந்ததைத் துடைக்காமலே கழுத்துவரை சுத்தமான பொலித்தீன் பையிலிட்டு வெப்பமூட்டும் விளக்கின்கீழ் வைப்பர். வெப்பப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். போர்க்காலத்தில் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வழங்கலின்றி இருந்தது. 2009 பெப்ரவரித் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகி, நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெட்டியை நம்பிய மருத்துவம் அத்தகைய நாட்களில் என்னாகும் என்பது விளக்கவேண்டாதது.

பெட்டிகள் போதாமையாலேயே கொலம்பியாவின் பொகோற்றா நகரில் 1978 இல் ரேய் என்னும் மருத்துவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் செய்தார். கங்காருவின் பெயரால் வழங்கும் அம்முறையை ஏழைகளின் மாற்றுவழி என்று பலர் எண்ணினர். 2021 இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று: பிறந்தவுடனேயே மார்பிற் சேர்த்த குழந்தைகளிடத்து, உடல்நிலை தேறும்வரை பொறுத்துச் சேர்த்தவர்களினும், இறப்பு நாலிலொரு பங்கு குறைந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்தோர் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. தாய்ப்பாலோ எந்நிறைக் குழந்தைக்கும் உரியது. முதிராத குடலை அழற்சியினின்று காப்பதில் அதற்கு நிகர் வேறில்லை. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு மூக்குவழிக் குழாயால் துளித்துளியாக அது ஊட்டப்படுகின்றது.

உயிர் காத்த ஒட்சிசனே அளவு மிஞ்சின் விழித்திரையைக் கெடுக்கும். இதனை அறியாமையால் 1940களிலும் 1950களிலும் செல்வ நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தனர். ஒட்சிசனை அளந்து வழங்கும் இக்காலத்திலும் அவ்விடர் முற்றாக அகலவில்லை. பிறந்து ஏறத்தாழ நான்கு கிழமையில் கண் வைத்தியர் விழித்திரையைச் சோதித்தல் வேண்டும். விழித்திரை முதிரும்வரை அச்சோதனை திரும்பத் திரும்ப நடைபெறும். தேவைப்படின் லேசர் சிகிச்சை ஓரிரு நாளிற் செய்யப்படல் வேண்டும். குழந்தை நன்றாகப் பாலுண்டு நிறையேறி வீடு திரும்பிய மகிழ்ச்சியில் இச்சோதனை நாள் மறக்கப்படுவதுண்டு. வயற்கூலியால் வாழும் குடும்பத்துக்கு ஒரு நாட் பயணம் ஒரு நாட் கூலியாகும். ஆதலின் அந்நாளைக் குழந்தையின் குறிப்பேட்டில் எழுதிக் கொடுப்பதோடு, குடும்பநல மாதுவுக்கும் அறிவித்தல் வேண்டும்.