முடிவிலாச் சுடுபோர்

விலை கொடுத்து வாங்கிய நூலொன்றை அலமாரியில் வைத்துப் பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்ப்பின், அதன் முதலியல் வைத்தவாறே இருக்கும். பதிப்பாளர் இரவில் வந்து அதனைக் கிழித்துச் செல்வதில்லை. புதிய இயலொன்றை எழுதிச் சேர்ப்பதுமில்லை. கணிப்பொறியில் ஆடப்பெறும் ஆட்டங்களும் முன்னர் இவ்வாறே இருந்தன. இக்காலத்தே லைவ் சர்வீஸ் என வழங்கும் வகையோ வேறு. அவ்வாட்டத்தின் உயிர் ஆடுவோர் இல்லத்தில் இல்லை. அதனை நடத்தும் நிறுவனத்தாரின் சர்வர்களில் இருக்கின்றது. அவர் சில திங்கட்கு ஒருமுறை புதுக் கதையும் புதுப் படைக்கலமும் புதுப் பகைவரும் சேர்த்துக்கொண்டே போவர். ஆடுவோரும் விரிவுப் பகுதிக்கென்றும் சீசனுக்கென்றும் அணிகலனுக்கென்றும் காசு கொடுத்துக்கொண்டே போவர். இவ்வாட்டத்தின் இன்பமும் துன்பமும் இவ்வொரு வேரினின்றே கிளைத்தவை என்பது எம் கருத்து. டெஸ்டினி 2 என்னும் சுடுபோர் ஆட்டத்தைக் கொண்டு அதனை விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க நாட்டுப் பங்ஜி நிறுவனத்தார் 2014 செப்டம்பரில் டெஸ்டினியையும், 2017 செப்டம்பரில் அதன் இரண்டாம் ஆட்டத்தையும் வெளியிட்டனர். 2019 அக்டோபரில் அடிப்படைப் பகுதி இலவசமாக்கப்பட்டது. கையில் காசில்லா மாணவராகிய யாம் உள்ளே நுழைந்தது அவ்வாயில் வழியே.

இவ்வாட்டத்தின் தலையாய இன்பம் ரெய்டு என்னும் அறுவர் போர். இதனை வெட்சி என மொழிபெயர்க்க எமக்கு ஆசையுண்டு. ஆநிரை ஒன்றுதான் குறை. 2021 மே திங்களில், முதல் ஆட்டத்திலிருந்த வால்ட் ஆப் கிளாஸ் என்னும் ரெய்டு இரண்டாம் ஆட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அண்டை வீட்டாரும் உறவினருமாக அறுவர் சேர்ந்து, செவியில் ஹெட்செட் மாட்டி, அதனுட் புகுந்தோம். தோன்றி மறையும் படிகளின்மேல் தாவிச் செல்லுமிடத்தில் எம்முள் ஒருவர் விழுந்த தடவைகளை எண்ணுதல் விட்டுவிட்டோம். இறுதிப் பகைவன் ஏத்தியான், மூவரைக் காலங்கடந்த வேறோரிடத்திற்கு வீசிவிடுவான். ஆங்குத் தோன்றும் ஆரக்கிள் என்னும் ஒளியுருக்களை வரிசை பிறழாது சுட்டு வீழ்த்தல் வேண்டும். அவ்வரிசையோ உள்ளே சென்றார்க்குப் புலப்படாது. வெளியே நின்றார்க்கே புலப்படும். ஆகவே வெளியில் உள்ளவன் கூவ, உள்ளே உள்ளவன் செவிமடுத்துச் சுடுவான். குறி தவறாத கையினும் தெளிவாகச் சொல்லும் வாயும் பொறுமையாகக் கேட்கும் செவியுமே ஈண்டு வேண்டப்படுவன. எம்முள் மிகக் குறைவாகப் பேசும் சிறுவன் ஒருவன் அன்று இடறாமல் வரிசை கூறி எம்மைக் காத்தான். வீட்டில் அவன் குரலை அவ்வளவு உரக்கக் கேட்டதில்லையென அவன் அன்னையார் பின்னர்க் கூறினார்.

வென்றபின் உண்டாட்டும் உண்டு. வீரர் எல்லாரும் கூடிக் கூத்தாடுவர். பாதீடு மட்டும் நம் இலக்கணத்திற்கு ஒவ்வாது. நம் வெட்சி மறவர் போர் செய்தார்க்கும் ஒற்றறிந்தார்க்கும் நிமித்தம் சொன்னார்க்கும் நிரையைப் பகுத்தளிப்பர். ஈண்டோ நல்வினைப்பயனே பகுப்பது. வெக்ஸ் மிதோக்ளாஸ்ட் என்னும் அரிய துப்பாக்கி, படிகளில் விழுந்துகொண்டேயிருந்த அவருக்கே முதல் நாளிற் கிடைத்தது. எமக்கு அது வாய்த்திலது.

இனித் தாழ்வைக் கூறுவாம். சேர்த்துக்கொண்டே போகும் வீடு ஒருநாள் இடங்கொள்ளாது. ஆட்டம் பருத்துப் பிழை திருத்துதலும் கடினமாயிற்றென்று கூறி, 2020 நவம்பரில் பங்ஜியார் செவ்வாய், புதன் முதலிய சில உலகங்களையும், முதற் கதையாகிய ரெட் வாரையும் ஆட்டத்தினின்று நீக்கினர். 2022 பிப்ரவரியில் பார்சேக்கன் என்னும் கதையும் அவ்வழியே சென்றது. இவை தொடக்கத்தில் விலைக்கு விற்கப்பட்டவை. பழம் படைக்கலங்கள் புதிய போர்களுக்கு உதவாவண்ணம் வலிமைக்கு வரம்பு கட்டியதும் 2020-இலேயே. ஆடுவோர் வெகுண்டமையால் 2021 பிப்ரவரியில் அவ்வழக்கம் இனித் தொடராதென அறிவித்தனர். இதன் விந்தையான விளைவு நீதிமன்றத்தில் தோன்றியது. ரெட் வார் கதை தம் எழுத்தினின்று எடுக்கப்பட்டதென ஒருவர் 2024-இல் அமெரிக்காவில் வழக்கிட்டார். அக்கதையை ஆடிக்காட்ட இயலாமையால், நிறுவனத்தார் யூடியூபில் பிறர் பதிந்து வைத்த காட்சிகளைச் சான்றாகக் காட்ட நேர்ந்தது. தம் நூலின் படி தம்மிடமே இல்லாத ஆசிரியர் நிலையை ஒத்தது இது.

ஆயினும், உயிரோடிருக்கும் ஆட்டத்தில் அன்றி வேறெங்கும் காணவியலாத ஒரு காட்சியையும் கண்டோம். தளபதி சவாலா என்னும் பாத்திரத்திற்குக் குரல் கொடுத்த நடிகர் லான்ஸ் ரெடிக், 2023 மார்ச் 17-ஆம் நாள் காலமானார். செய்தி பரவியதும், எவரும் கட்டளையிடாமலே, ஆடுவோர் கோபுரத்தில் அத்தளபதி நிற்குமிடத்தைச் சூழ்ந்து, சிலர் மண்டியிட்டும் சிலர் நெற்றிக்குக் கை உயர்த்தியும் நின்றனர். யாமும் சென்று நின்றோம். எம் அருகே நின்றவர் எந்நாட்டினர், எம்மொழியினர் என அறியோம். பதிவு செய்யப்பட்ட அவர் குரலோ, யாதும் நிகழாதது போலத் தளபதியின் வாயினின்று வந்துகொண்டிருந்தது. அது எமக்குத் தாங்கற்கரிதாயிருந்தது. பின்னர்க் கீத் டேவிட் என்பார் அப்பாத்திரத்தை ஏற்றார்.

2024 ஜூன் 4-ஆம் நாள் தி பைனல் ஷேப் வெளிவந்து, பத்தாண்டுக் கதை நிறைவெய்தியது. அதன் கடைசிப் போரில் பன்னிருவர் ஒருங்கே நின்று பகைவனை வீழ்த்தினர். ஆடுவோர் பலர் அதனை ஆட்டத்தின் உச்சமெனப் போற்றினர். இரண்டு திங்கள் முழுதும் கழியுமுன், ஜூலை 31-இல், பங்ஜி நிறுவனத்தினின்று 220 பேர் வேலையிழந்தனர். யாம் வியந்த உலகத்தைச் சமைத்தோரிற் சிலரும் அவருள் இருந்திருப்பரே என எண்ணியபோது, வென்ற களிப்பு எம்மிடம் நிலைக்கவில்லை.

எம் பிழையையும் மறையாது கூறுதல் முறை. ஆட்டம் வாரந்தோறும் புதுப்பிக்கப்படும் நேரம் நம் நாட்டுக் கணக்கில் செவ்வாய்க்கிழமை இரவு 10.30 மணி. புதன்கிழமை முதல் வகுப்பில் இலக்கண ஆசிரியர் எம்மை வினவிய நாள்களில் யாம் விழித்து நின்றதன் காரணம் அதுவே. ஒரு வாரம் விடுத்தால் பின்தங்குவோமென்னும் அச்சம், ஆடவேண்டுமென்னும் ஆசையைக் காட்டிலும் வலிதாயிருந்தது. இன்புறுதற்கு ஆடுகின்றோமோ, கடன் தீர்த்தற்கு ஆடுகின்றோமோ எனத் தெளியாத மாலைகள் பல.

அறுவரில் இருவர் பொறியியல் பயிலப் பிறவூர் சென்றனர். ஒருவர் வேலையில் அமர்ந்தார். வரிசை கூறிய சிறுவன் மட்டும் இன்னும் சில செவ்வாய் இரவுகளில் எம்மை அழைப்பதுண்டு. சென்ற திங்களில் வால்ட் ஆப் கிளாஸுக்கு மீண்டும் போனோம். அறியாதார் நால்வரைச் சேர்த்துக்கொண்டோம். வரிசையை அவனே கூறினான்.