மூன்று பேர் ஏறிய மோட்டார் சைக்கிள்

பெருநாள் அன்று அசர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் பெருந்தெருவோரம் நின்றால் இதைப் பார்க்கலாம். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பொடியன்கள். புதுச் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை; தலைக்கவசம் இல்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே புகுந்து பறக்கிறார்கள். அதே பொடியன் முதல்நாள் உம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனபோது பள்ளம் பார்த்துப் பக்குவமாகத்தான் ஓட்டினான். பின்னால் யார் இருக்கிறார் என்பதில்தான் விஷயம்.

2005 இல் அமெரிக்காவில் உளவியலாளர்களான மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டீன்பெர்க்கும் கணினியில் ஒரு கார் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே கணக்கு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கூட்டாளிமார் பக்கத்தில் இருந்தால் மிகத் துணிந்தார்கள். 24 வயது தாண்டியவர்களை அது அசைக்கவில்லை. 2015 இல் ஈவா டெல்சரின் குழு, 14 வயதுப் பிள்ளைகளை ஸ்கானருக்குள் படுக்கவைத்து இதுபோல ஒன்றைச் செய்தது. தாய் பார்த்துக்கொண்டிருந்தபோது துணிச்சல் குறைந்தது. ஆபத்தின் கிளர்ச்சிக்குத் துள்ளும் மூளைப்பகுதியும் அடங்கியது.

ஆனால் உம்மா எப்போதும் பின்னால் ஏற முடியாதே. அவன் மனத்துக்குள் அவள் எப்படி ஏறுகிறாள்?

1954 இல் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வெர்த் உகண்டாவில் 26 குடும்பங்களின் கைக்குழந்தைகளைக் கவனிக்கத் தொடங்கினார். பிறகு அமெரிக்காவில், தாய் அறையைவிட்டுப் போய்த் திரும்பும் ஒரு சின்னச் சோதனையை அமைத்தார். தாய் போகும்போது பிள்ளை எவ்வளவு அழுதது என்பதைவிட, அவள் வந்ததும் என்ன செய்தது என்பதே அவருக்கு முக்கியம். பிணைப்பு உறுதியான பிள்ளை கையை நீட்டும், தோளில் சாயும், விம்மல் அடங்கியதும் இறங்கி விளையாடப் போகும். படபடக்கும் நெஞ்சு ஆறும் என்பதை உடம்பு இப்படித்தான், ஆயிரம் தடவை, இன்னொருவர் தோளில் படிக்கிறது. சில பிள்ளைகள் அழாமல் பொம்மையையே பார்த்திருக்கும். அளந்து பார்த்தால் அவற்றின் இதயமும் வேகமாகத்தான் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டு வந்து, "ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுக்கும் பொடியனை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை எனக்கு ஞாபகம் வரும்.

இந்தக் கரையோரத்தில் தோள்கள் பல. வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி விரிவாக எழுதிய வழக்கம் இது. சகோதரிகள் அடுத்தடுத்த வளவுகளில் இருப்பதால், உம்மா அடுப்படியில் நின்றாலும் அழுகிற பிள்ளையைத் தூக்க சாச்சி வருவாள், உம்மம்மா வருவாள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது இந்தக் கரையோரம் அடங்கிய அம்பாறை மாவட்டம். அந்தத் தோள்களில் எத்தனையைக் கடல் கொண்டுபோனது! சுனாமி தாக்கிய இரண்டு இலங்கைக் கிராமங்களில் விக்ரமவும் காஸ்பரும் நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வில், தாயோடு நல்ல உறவிருந்த வளரிளம் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் அதிர்ச்சியின் வடுவும் குறைவாகவே இருந்தன.

இன்று சில வீடுகளில் உம்மா வளைகுடாவில் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் இடத்தில் உம்மம்மா. பெருநாள் மாலை, மூன்று பேர் ஏறிய வண்டியில், ஓட்டுகிறவனின் பையில் போன் அடிக்கிறது. ஓரமாக நிறுத்தி எடுக்கிறான்.

"எங்க மனே நிக்காய்? சோறு ஆறுது."

"இந்தா வாறன்."