தாவி எண்ணும் குழந்தைகள்

மும்பை மத்திய இரயில்வேயின் மெதுவண்டி தாதரை விட்டுப் புறப்பட்டால் மாட்டுங்கா, சயான், குர்லா என்று நிலையந்தோறும் நிற்கும். விரைவு வண்டியோ நடுவிலுள்ள இரண்டு நிலையங்களையும் நில்லாமல் கடந்து குர்லாவில் போய் நிற்கும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வளரும் குழந்தைக்கு இந்த வேறுபாடு எழுத்தறியும் முன்பே தெரிந்திருக்கும். வண்டி நிற்கவில்லை என்பதால் மாட்டுங்கா இல்லாமற்போய்விடுவதில்லை என்பதையும் அது அறியும். இரண்டு, நான்கு, ஆறு எனத் தாவி எண்ணுவதன் பொருள் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம். மூன்றும் ஐந்தும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. நாம் அவற்றின் மேல் நிற்பதில்லை, அவ்வளவே.

ஒவ்வொன்றாக எண்ணுவதற்கும் பெருக்கலுக்கும் இடையேயுள்ள படி தாவி எண்ணுதல். சந்தையில் எலுமிச்சம்பழம் விற்பவர் கைக்கு ஐந்தாக அள்ளிப் போட்டு எண்ணுகிறார். எட்டு முறை அள்ளினால் நாற்பது. இதைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு புதிய செய்தியன்று. பள்ளியிலோ பெரும்பாலும் வாய்ப்பாடு முதலிலும் பொருள் பின்னரும் வருகின்றன. சில வேளைகளில் பொருள் வராமலே போய்விடுவதும் உண்டு. 'அசர்' எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையின்படி, கழித்தல் கணக்கையேனும் செய்யக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 28.2 விழுக்காடு, 2022இல் 25.9 விழுக்காடு, 2024இல் 33.7 விழுக்காடு. இவை ஊரகப் பகுதிகளுக்குரிய எண்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளை இவற்றைக்கொண்டு அளத்தல் கூடாது. ஆயினும், முன்னேற்றத்திற்குப் பின்னரும் மூவரில் இருவர் கழித்தலை எட்டவில்லை என்ற நிலை, தொடக்க ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்று நம்மைக் கேட்கச் செய்கிறது.

இந்தக் கேள்விக்கு மராட்டிய மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. தாராபாய் மோடக் 1945இல் போர்டியிலும், பின்னர் 1957இலிருந்து கோஸ்பாடிலும், அனுதாய் வாக் அம்மையாரின் துணையுடன் ஏழைக் குழந்தைகளுக்கான மழலைக் கல்வியை அவர்களுடைய முற்றத்திற்கே கொண்டு சென்றார். மாண்டிசோரி அம்மையாரின் பயிற்சிப் பொருள்கள் விலை மிகுந்தவை. கோஸ்பாடில் கூழாங்கல்லும் விதையும் இலையும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றாகத் தாராவியும் தேர்ந்தெடுக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் 1995இல் 'பிரதம்' அமைப்பு இதே மாநகரின் குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளைத் தொடங்கியது. தனிக் கட்டடம் தேடிக் காத்திராமல், கிடைத்த அறையில் குழந்தைகளைக் கூட்டியதே அதன் வழி.

கிடைத்த அறை என்பது சிறிய அறை. உடலசைவால் கணிதம் கற்பிப்பது பற்றிப் பேசும் நூல்கள் பரந்த விளையாட்டுத் திடலை மனத்திற் கொண்டே எழுதப்படுகின்றன. தாராவியில் அத்தகைய இடத்திற்கு எங்கே போவது? எனவே உட்கார்ந்தபடியே செய்யும் அசைவுகளிலிருந்து தொடங்குவது நல்லது. குழந்தைகள் வட்டமாக அமர்ந்து, 'ஒன்று' என்று மெல்லக் கிசுகிசுத்துத் தொடையில் தட்டுவர். 'இரண்டு' என்று உரக்கச் சொல்லிக் கை கொட்டுவர். மூன்று கிசுகிசுப்பு, நான்கு கைகொட்டு. சில நாள்களில் கிசுகிசுப்பை விட்டுவிடலாம். தொடைத் தட்டு மட்டும் எஞ்சும். பிறகு அதுவும் தேவைப்படாது. மூன்று மூன்றாக எண்ணுவதற்குத் தொடை, தோள், கை என மூன்று தட்டு. மராட்டியப் பள்ளிகளின் லேசிம் பயிற்சியில் தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைப்பதைக் கண்டவர்களுக்கு இந்த முறை அன்னியமாகத் தோன்றாது. நம் கும்மியும் கோலாட்டமும் அவ்வாறே.

தாளம் மட்டும் போதாது. தாளத்தோடு பாடப்பட்ட எண்கள் பாட்டாகவே நின்றுவிடக்கூடும். 'ஐந்து, பத்து, பதினைந்து' என்று தடையின்றிச் சொல்லும் குழந்தை, பதினைந்து புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொன்னால் விழிப்பதுண்டு. இதற்கு எளிய மாற்று, குழந்தைகளின் கைகளையே எண்ணச் செய்தல். வரிசையாக நிற்பவர் ஒவ்வொருவரும் ஒரு கையை நீட்ட, ஒரு குழந்தை நடந்து சென்று ஒவ்வொரு கையையும் தொட்டு ஐந்தைந்தாக எண்ணும். இரு கைகளையும் நீட்டினால் பத்துப் பத்தாக. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஐந்து விரல்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஐயம் எழுந்தால் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சந்தில் சிறிது இடம் கிடைக்குமாயின் சுண்ணக்கட்டியால் இருபது கட்டங்கள் வரைந்து, பாண்டி ஆடுவது போலத் தாவச் செய்யலாம். இதில் ஆசிரியர் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. முதற்கட்டத்தில் நின்றுகொண்டு இரண்டிரண்டாகத் தாவினால் குழந்தை மூன்றிலும் ஐந்திலும் போய் இறங்கும். வாய் 'இரண்டு, நான்கு' என்று சொல்லும். வாயும் காலும் வெவ்வேறு கணக்குப் போடுகின்றன. கட்டங்களுக்கு வெளியே சுழியம் என்று ஒரு கோடு போட்டு அங்கிருந்து புறப்படச் செய்தால் இது நீங்கும். பிறகு வேண்டுமென்றே ஒன்றிலிருந்து தாவச் செய்து, ஒன்று, மூன்று, ஐந்து என்ற வேறொரு வரிசை பிறப்பதைக் காட்டலாம். இரட்டை எண், ஒற்றை எண் என்ற பெயர்கள் அப்போது தாமாகவே இடம் பெறும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழ் வீட்டிலிருந்து வரும் தாராவிக் குழந்தை அங்கன்வாடியில் மராத்தியையும் தெருவில் இந்தியையும் கேட்கிறது. தமிழில் 25, 35, 45 ஆகியவற்றை இருபத்தைந்து, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்கிறோம். பத்து முன்னும் ஐந்து பின்னுமாக, எழுதும் வரிசையிலேயே சொல் நடக்கிறது. மராத்தியில் அவையே பஞ்சவீஸ், பஸ்தீஸ், பஞ்சேசாளீஸ் ஆகின்றன. ஐந்து முன்னே வருவதோடு ஒவ்வொரு முறையும் உருவம் மாறுகிறது. 2019இல் பால்பாரதியின் இரண்டாம் வகுப்புக் கணித நூல் 'வீஸ் ஏக்' (இருபது ஒன்று) என்ற முறையையும் அறிமுகப்படுத்தியபோது பெரும் விவாதம் எழுந்தது. பாடக் குழுவின் தலைவராக இருந்த கணித அறிஞர் மங்கலா நார்லிகர், குழந்தைகளின் குழப்பத்தைக் குறைப்பதே நோக்கம் என்று அதற்கு ஆதரவாக வாதிட்டார். தமிழுக்கும் ஓர் இடறல் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது: எண்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு, நூறு என்ற ஒலியைத் தன்னுள் வைத்திருப்பதால், குழந்தை அங்கே நின்றுவிடுகிறது. எனவே தாவி எண்ணுதலை முதலில் வீட்டு மொழியில் பழக்கி, அசைவு உறுதிப்பட்ட பின் அதே அசைவோடு பள்ளி மொழியின் சொற்களைச் சேர்ப்பதே முறை.

உடலசைவு உண்மையிலேயே உதவுகிறதா? 2011இல் ஜெர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், காலால் மிதிக்கும் விரிப்பின் மீது எண்களை ஒப்பிட்டுப் பழகிய மழலைகள், உடலசைவின்றிக் கணினிப் பலகையில் பழகியவர்களைவிட எண்கோட்டில் எண்ணின் இடத்தை நன்கு மதிப்பிட்டனர். அது எண்களை ஒப்பிடுவது பற்றிய ஆய்வு. தாவி எண்ணுதலுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது.

2021 ஜூலையில் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' இயக்கம், முதல் வகுப்பு முடிவில் 99 வரையும் இரண்டாம் வகுப்பு முடிவில் 999 வரையும் எண்களை அறிந்திருக்க வேண்டும் என இலக்கு வைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கல்விப் பயிற்சி அளிக்க 2023 மே மாதம் தனித் திட்டமும் தொடங்கப்பட்டது. இத்தகைய பயிற்சிகளில் தாவி எண்ணுதல் விளக்கவுரையாக இருப்பதைக் காட்டிலும், பணியாளர்கள் தாமே எழுந்து கட்டத்தில் தாவிப் பார்ப்பதாக இருத்தல் வேண்டும். சுழியக் கோட்டில் நின்று, மூன்று மூன்றாகத் தாவினால் இருபதில் கால் படுமா என்று அவர்களைக் கேட்கலாம். பதினெட்டில் இறங்கி அடுத்த தாவலை அளந்து பார்ப்பவர், மறுநாள் அதே கேள்வியைத் தம் குழந்தைகளிடம் கேட்பார்.